ஞாயிற்றுக்கிழமை வராத நிழல்

சில்லறைக்குப் பயம் வந்தால் முதலில் வாய் ஓடும். கால் அதற்குப் பிறகுதான். அன்றைக்குக் காலை பதினோரு மணி, சுள்ளென்ற வெயில், துப்பறியும் ஆபீஸ் கதவும் ஜன்னலும் விரியத் திறந்து கிடந்தன. பயப்பட ஒரு காரணமும் இல்லை. ஆனாலும் அவன் வாய் ஓட ஆரம்பித்துவிட்டது.

"உட்காருங்கம்மா. அந்த நாற்காலி வேணாம், அதுக்கு மூணு கால்தான் நம்பிக்கையானது. ஃபேனை வேகமா வைக்கட்டுமா? வேகமா வச்சா கத்தும், மெதுவா வச்சா சுத்தாது. எது வேணும்னு சொல்லுங்க."

வந்த அம்மாளின் காதில் எதுவும் விழவில்லை. ஐம்பத்தைந்து வயது இருக்கும். செல்போனைப் பிடித்திருந்த பிடியில் நகக்கண்கள் வெளுத்திருந்தன. உட்காருவதற்கு முன் ஒரு தடவை, உட்கார்ந்த பின் ஒரு தடவை வாசலைத் திரும்பிப் பார்த்தாள். சில்லறை பன்னிரண்டு வருஷம் துணிக்கடையில் நின்றவன். வாங்க வந்தவர் யார், வேடிக்கை பார்க்க வந்தவர் யார் என்று செருப்பு கழற்றும் தினுசிலேயே சொல்லிவிடுவான். இந்த அம்மாள் எந்த ரகத்திலும் சேரவில்லை. அதுதான் அவனைப் பேச வைத்தது.

"அஞ்சு நாளா எங்க அண்ணனைக் காணோம். அவர் உயிருக்கு ஆபத்து," என்றாள்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த மேடம் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். மேடம் இருபத்திரண்டு வருஷம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் கணக்கெடுத்தவர். மீட்டரில் சக்கரம் சுற்றும் வேகத்தைப் பார்த்து, உள்ளே எத்தனை பேர், யார் தூங்குகிறார், யார் தூங்குவதுபோல் நடிக்கிறார் என்று கண்டுபிடித்துவிடுவார். அந்தத் திறமை வேலையில் எதற்கும் உதவாததால் வேலையை விட்டுவிட்டு இந்த ஆபீசைத் திறந்தார். சில்லறைதான் அவருக்கு ஒரே உதவியாள்.

"போலீசுக்குப் போனீங்களா?"

"போனேன். அவர் பேஜ்தான் தினமும் ஓடுதே, அதுல எழுதிட்டும் இருக்காரே, எழுதற ஆள் எப்படிம்மா காணாமப் போவார்னு திருப்பி அனுப்பிட்டாங்க."

"என்ன பேஜ்?"

அம்மாள் செல்போனை நீட்டினாள். அண்ணன் ஓய்வுபெற்ற லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்து லிஃப்டில் ஏறலாம், எதில் ஏறுவதைவிடப் படிக்கட்டு உத்தமம் என்று எழுதி வருகிறார். நானூறு குடித்தனக்காரர்கள் படிக்கிறார்கள். அந்தப் பக்கத்தை ஓட்டும் கம்ப்யூட்டரை அவரே வீட்டில் வைத்திருந்தார்.

"கம்ப்யூட்டர்னா சோப்பு டப்பா அளவுதான், உள்ளயே சிம் கார்டும் இருக்கு. ஜீரோ வாட் பல்பு குடிக்கற கரன்ட்டைக்கூட அது குடிக்காதாம். ஒரு சோலார் தகடு, ஒரு பழைய ஸ்கூட்டர் பேட்டரி, அவ்வளவுதான். போகும்போது மாத்துத் துணிகூட எடுத்துக்கலை. இந்த மூணையும் தூக்கிட்டுப் போயிருக்கார்."

"வீட்டை விட்டு ஓடறவங்க நகையைத் தூக்குவாங்க, நாயைத் தூக்குவாங்க," என்றான் சில்லறை. "வெயில் புடிக்கற தகட்டைத் தூக்கிட்டு ஓடின ஆளை இப்பதான் கேள்விப்படறேன்."

"உயிருக்கு ஆபத்துன்னு ஏன் நினைக்கறீங்க?" என்று கேட்டார் மேடம்.

"போன மாசம் ஒரு லிஃப்ட் விழுந்துதே, ரெண்டு பேர் போயிட்டாங்களே. அதோட பிரேக்கைப் பத்தி அண்ணன்கிட்ட ஆதாரம் இருக்காம். நாளன்னிக்குக் கோர்ட்ல சொல்லப் போறார். அதுக்குள்ள அவரை..." அம்மாள் நிறுத்தினாள். மறுபடியும் வாசலைப் பார்த்தாள். "எப்படியாவது இன்னிக்கே கண்டுபிடிச்சுக் குடுத்துடுங்க."

மேடம் அந்தப் பக்கத்தின் அடிமட்டத்துக்கு இறங்கினார். அங்கே ஒரு குட்டிச் சூரியன் படம். அதன் கீழே: 'இந்தப் பக்கம் முழுக்க வெயிலில் ஓடுகிறது. நம்பாதவர்கள் கீழே பார்த்துக்கொள்ளவும்.' அதற்கும் கீழே, பேட்டரி 31 சதவீதம் என்று ஓர் எண். அப்புறம் போன எட்டு நாளும் இன்று காலையும் வெயில் எவ்வளவு கிடைத்தது என்று பத்து நிமிஷத்துக்கு ஒரு புள்ளியாக வரைந்த கோடு.

மேடத்தின் முகம் மலர்ந்தது. சிலருக்கு ஜாதகம் கிடைத்தால் அப்படி மலரும்.

"மனுஷன் எங்க இருக்கார்ங்கறதை மறைச்சுட்டார். மீட்டரை மட்டும் வாசல்ல தொங்க விட்டிருக்கார்."

"சரக்கைப் பரண்ல ஒளிச்சுட்டு விலைப்பலகையைத் தெருவுல மாட்டின கதை," என்றான் சில்லறை.

"அந்தப் பெருமைதான் இந்தச் சோலார் ஆளுங்ககிட்ட உள்ள வியாதி. இத பாரு. முதல் மூணு நாள் கோடு காலைல ஏறி, மத்தியானம் உச்சிக்குப் போய், சாயங்காலம் இறங்குது. மொட்டை மாடி வெயில். அஞ்சு நாளா என்ன ஆகுது? காலைல சர்ருனு ஏறுது. பன்னண்டரைக்குக் கத்தி வச்ச மாதிரி பூஜ்யம்."

"தகடு சாப்பாட்டுக்கு எழுந்து போயிடுதா?"

"கிழக்கு பார்த்த ஜன்னல். மத்தியானம் ஆனா சூரியன் கட்டடத்துக்குப் பின்னால போயிடுது."

"ஊர்ல பாதி ஜன்னல் கிழக்கு பார்த்துதான் நிக்குது மேடம்."

"அவசரப்படாதே. காலைல ஒன்பதுலேர்ந்து பத்தரை வரைக்கும் ஒரு பள்ளம் விழுது பார். எதுவோ குறுக்க வருது. வெள்ளி, சனி, திங்கள், செவ்வாய், இன்னிக்குப் புதன். ஒரே ஒரு நாள் இல்லை."

சில்லறை குனிந்து பார்த்தான். ஞாயிற்றுக்கிழமைக் கோடு மட்டும் வழுவழுவென்று இருந்தது. "நிழல் ஞாயித்துக்கிழமை லீவு எடுக்குமா என்ன?"

"கட்டடத்து நிழலா இருந்தா லீவு எடுக்காது. லாரி நின்னா நேரா இறங்கும், நேரா ஏறும். இது நடுங்குது பார். பாதி வெளிச்சம் உள்ள வருது, பாதி வரலை. காத்துல ஆடற வெள்ளைத் துணி. ஒண்ணு ரெண்டு இல்லை, வரிசையா, மாடி உயரத்துல..."

மேடம் அத்தோடு நிறுத்திக்கொண்டார். நிறுத்தியவர் மேடம் மட்டும்தான்.

"ஆஸ்பத்திரி விரிப்பு துவைக்கற லாண்டரி," என்றான் சில்லறை. "கால்வாய் ஓரத்துச் சந்து. மொட்டை மாடி பூரா காயப் போட்டிருப்பாங்க. ஞாயித்துக்கிழமை பூட்டு."

மேடம் அவனைப் பார்த்த பார்வையில் பால் திரிந்திருக்கும். அந்த அம்மாள் சட்டென்று எழுந்தாள். ஒரு நிமிஷம் என்று சொல்லி வராந்தாவுக்குப் போனாள். யாரிடமோ போனில் தணிந்த குரலில் பேசினாள். திரும்பி வந்தபோது அழுதிருந்தாள். அவளை ஆபீசிலேயே இருக்கச் சொல்லிவிட்டு இருவரும் கிளம்பினார்கள்.

ஸ்கூட்டரின் பின்சீட்டில் இருந்து மேடம் சொன்னார். "லாண்டரிக்கு எதிர்த்தாப்ல ஒரு பழைய குடோன் இருக்கு. நாலு மாடி. கனெக்‌ஷன் கட் பண்ணின அன்னிக்கு மீட்டரைக் கழட்டினதே நான்தான். கரன்ட் இருக்கற இடமா இருந்தா பேட்டரியை முப்பத்தொண்ணுக்கு இறங்க விட்டிருக்க மாட்டார்."

"அந்த அம்மா யார்கிட்ட மேடம் போன்ல பேசினாங்க?"

"அதைத்தான் நானும் யோசிச்சுட்டு வரேன். நீ ரோட்டைப் பாரு."

குடோன் வாசலில் மேடம் நின்றுகொண்டார். "நீ மேல போ. நான் தெருவைப் பார்த்துக்கறேன்."

"வயசுல மூத்தவங்க முதல்ல போறதுதான் மரியாதை மேடம்."

"போ."

வெளியே உச்சி வெயில். உள்ளே காலடி தெரியாத இருட்டு. இருட்டுக்குக்கூட அவ்வளவு பயமில்லை. படிக்கட்டுக்குப் பக்கத்திலேயே, மாடிக்கு மாடி, சரக்கு லிஃப்டின் வாய் திறந்து கிடந்தது. கதவுகளை யாரோ என்றைக்கோ பெயர்த்து விற்றிருந்தார்கள். சில்லறை முதல் மாடியில் ஒரு கல்லைத் தெரியாமல் தட்டிவிட்டான். அது குழிக்குள் விழுந்தது. விழுந்த சத்தம் வர நேரமாயிற்று. வந்தபோது தண்ணீரில் விழுந்த சத்தமாக வந்தது. அதன் பிறகு அவன் சுவரோடு சுவராக, ஒட்டடையைத் துடைத்துக்கொண்டே ஏறினான்.

மூன்றாம் மாடிக் கதவு ஒருக்களித்திருந்தது. தள்ளினான்.

"அசையாதே," என்றது ஒரு குரல். "ஒரு அடி பின்னால வச்சே, நேராக் கீழதான் போவே."

சில்லறை அசையவில்லை. மூச்சுகூட அனுமதி கேட்டுத்தான் வந்தது. ஜன்னலோரம் எழுபதை நெருங்கும் ஒரு மனிதர், கையில் முழ நீள ஸ்பேனரோடு நின்றார். ஜன்னல் விளிம்பில் செங்கல் முட்டுக் கொடுத்து ஒரு தகடு சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அதிலிருந்து வயர் இறங்கி, பேட்டரிக்குப் போய், சோப்பு டப்பாவுக்குப் போயிருந்தது. டப்பாவில் பச்சை விளக்கு ஒன்று சிமிட்டியது. பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு திரை, ஒரு சின்னக் கீபோர்டு, ஒரு தண்ணீர் பாட்டில், பாதி ரொட்டி.

"யார் அனுப்பினாங்க?"

"உங்க தங்கச்சி. பயந்து போயிருக்காங்க. அழுதாங்க. நான் துப்பறியும் ஆபீஸ். அதாவது துப்பறியறது மேடம், நான் பேச்சுத் துணை."

பெரியவர் ஸ்பேனரைக் கீழே வைக்கவில்லை. ஆனால் உடம்பிலிருந்து ஏதோ வடிந்த மாதிரி ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தார். "தனியா வந்தாளா?"

"தனியாத்தான். வாசலை வாசலைப் பார்த்துட்டு இருந்தாங்க."

"வாசல்ல அவ பையன் நின்னிருப்பான். என் மருமகன்." அவர் குரல் இறங்கியது. "நான்தான்யா அவனுக்குத் தொழில் கத்துக்குடுத்தேன். இன்னிக்கு இந்த வட்டாரத்துல நாற்பது கட்டடத்து லிஃப்டைப் பராமரிக்கறவன் அவன். தேஞ்சுபோன பிரேக்குக்குப் பெயின்ட் அடிச்சுப் புதுசுன்னு மாட்டினவனும் அவன்தான். ரெண்டு பேர் செத்தாங்க. அதுல ஒரு பொண்ணு பள்ளிக்கூடப் பையோட."

"அப்ப உங்க தங்கச்சி..."

"அவளுக்குப் பொய் சொல்ல வராது. மாமா கால்ல விழுந்து மன்னிப்புக் கேக்கணும்மான்னு அவன் சொல்லியிருப்பான். பெத்தவ, நம்பிட்டா. நானும் நம்பியிருப்பேன். போன வியாழக்கிழமை எங்க கட்டடத்து லிஃப்ட்ல ஏறப் போனேன். பழக்க தோஷம், முதல்ல பிரேக்கைப் பார்த்தேன். நட்டு ரெண்டும் கையால திருகற அளவுக்கு லூஸா இருந்தது. முந்தின நாள்தான் அவன் சர்வீஸ் பண்ணிட்டுப் போயிருந்தான்."

சில்லறைக்கு, வராந்தாவில் அந்த அம்மாள் போனில் பேசியது நினைவுக்கு வந்தது. அதற்கு முன்னால் லாண்டரி, கால்வாய், சந்து என்று மூன்றையும் கூறுகட்டி வைத்தது யாருடைய வாய் என்பதும் நினைவுக்கு வந்தது.

"எதுக்கு அந்த பேட்டரிக் கணக்கைப் பேஜ்ல போட்டீங்க? அதை வச்சுத்தானே உங்களைப் புடிச்சோம்."

பெரியவர் டப்பாவைப் பார்த்தார். அந்த நிலையிலும் அவருக்குக் கொஞ்சம் வெட்கம் வந்தது. "வெயில்லயே ஓட்டறேன்னு சொன்னா எவன் நம்பறான்? நம்பர் போட்டாத்தான் நம்பறான்."

பிறகு திரையைத் தட்டிக் காட்டினார். "காலைலேர்ந்து எனக்கு உதறலா இருக்கு. இந்நேரத்துக்கு அறுபது இருக்கணும். இப்ப இருபத்தாறு. இது சும்மா இருந்தா ஒண்ணும் தின்னாது. யாராவது பேஜைத் திறந்தா முழிச்சுக்கும், எடுத்துக் குடுக்கும், அப்ப பசிக்கும். பேட்டரி பழசு, கொஞ்சம் இழுத்தாலும் பொசுக்குனு இறங்கும். யாரோ விடாம என்னைப் பார்த்துட்டே இருக்காங்க."

இருபத்தாறு இருபத்தைந்தானது. சில்லறைக்கு அந்த எண்ணைப் பார்ப்பது சாவித் துவாரத்தில் ஒரு கண்ணைப் பார்ப்பதுபோல இருந்தது.

போன் அதிர்ந்தது. மேடம்.

"சில்லறை, கதவைச் சாத்து. வேன் ஒண்ணு வந்திருக்கு. ரெண்டு பேர் பின்பக்கமா உள்ள போயிட்டாங்க. போலீசுக்குச் சொல்லிட்டேன், அரை மணி ஆகும்னாங்க."

"மேடம், அந்த வாய் என்னுதுதான்."

"தெரியும். இப்ப அதை மூடிட்டு மூளையைத் திற."

கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. இருவருமாகப் பெட்டியை இழுத்து முட்டுக் கொடுத்தார்கள். கீழே எங்கேயோ ஒரு செருப்பு படியில் உரசியது. அவசரமில்லாத நடை. ஓடி வருகிறவனிடம் ஒரு பதற்றம் இருக்கும், பேசிப் பார்க்கலாம். இது வேலைக்கு வருகிறவனின் நடை.

"அவன் என்னை அடிக்க மாட்டான்," என்றார் பெரியவர். "குழியில தள்ளுவான். லிஃப்ட் மெக்கானிக் லிஃப்ட் குழியில விழுந்து செத்தான்னா யாரு கேள்வி கேப்பா? நீ பாத்தேன்னா உன்னையும் சேர்த்துத்தான். ஆனா பயப்படாதே."

"ஆறுதல் சொல்றதுல நீங்க நம்ம மேடம் ஜாதி."

சில்லறையின் கால்கள் ஓடத் தயாராக இருந்தன. ஓட இடம்தான் இல்லை. கண் மட்டும் அந்தத் திரையில் ஒட்டியிருந்தது. இருபத்தைந்து. ஒருத்தன் பார்க்கிறான், இறங்குகிறது. கடைவீதியில் வளர்ந்தவனுக்கு அப்போது ஒரு கணக்குப் பிடிபட்டது. தனியாக நிற்கும் ஆளைத்தான் இழுத்துப் போட்டு மொட்டையடிப்பார்கள். கடையில் கூட்டம் நிற்கும்போது தராசு தானாக நேராக நிற்கும்.

"சார், அவன் ஒருத்தன் பார்க்கறதுதானே ஆபத்து. எல்லாரும் பார்த்தா?"

"என்னது?"

"உங்க நானூறு பேர். அவங்களுக்குச் சேதி போகுமா?"

"எழுதினா எல்லார் போன்லயும் மணி அடிக்கும். ஆனா அத்தனை பேரும் ஒண்ணாத் திறந்தா பேட்டரி செத்துடும்யா. பத்துக்குக் கீழ போனா தானா அணைஞ்சுடும். வெயிலும் இன்னும் அஞ்சு நிமிஷம்தான்."

"சாகட்டும் சார். பேட்டரிதானே."

பெரியவர் அவனை ஒரு கணம் பார்த்தார். கீபோர்டை இழுத்தார். தப்பில்லாமல் அடித்தார். 'நான் உயிரோடு இருக்கிறேன். கால்வாய் ஓரம், லாண்டரிக்கு எதிரே, பழைய குடோன், மூன்றாம் மாடி. உங்கள் கட்டடத்து லிஃப்டைப் பராமரிக்கும் என் மருமகன் இன்னொரு ஆளுடன் இப்போது படியேறி வருகிறான். நான் குழியில் விழுந்தால் அது விபத்து அல்ல. பிரேக் படங்கள் கீழே.' கடைசி எழுத்தை அடித்துவிட்டுக் கையை மடியில் போட்டுக்கொண்டார்.

இருபத்தைந்து.

செருப்புச் சத்தம் இரண்டாம் மாடியைத் தாண்டியது.

இருபத்தைந்து.

"யாரும் பார்க்கலையே," என்றான் சில்லறை. அவன் குரல் அவனுக்கே யாருடையதோ போலக் கேட்டது.

இருபத்து மூன்று. பச்சை விளக்கு வேகமாகத் துடித்தது. இருபது. பதினெட்டு. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பேட்டரி இறங்குவதைப் பார்த்து சில்லறைக்குக் கும்பிடத் தோன்றியது. பதினைந்து. ஜன்னலில் வெயில் கோடு மெலிந்து, தகட்டை விட்டு நழுவிச் சுவரில் ஏறிப் போனது. பதினொன்று. திரை ஒரு தடவை வெளுத்தது. அப்புறம் கறுத்துவிட்டது.

கதவுக்கு வெளியே நடை நின்றது.

"மாமா." குரல் அத்தனை பிரியமாக இருந்தது. "கதவைத் திறங்க மாமா. அம்மா சாப்பிடாம அழுதுட்டு இருக்கா. வீட்டுக்குப் போலாம்."

பெரியவர் பெட்டியைக் கையால் அழுத்திப் பிடித்தார். கதவு ஓர் அங்குலம் உள்ளே வந்தது. பெட்டி தரையில் கிறீச்சிட்டது. இடைவெளியில் நான்கு விரல்கள் தெரிந்தன, நகங்களில் கிரீஸ் கறுப்பு. சில்லறை கண்ணை மூடிக்கொண்டு பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்தான். அந்தக் கட்டடத்தில் அவனிடம் இருந்த ஒரே ஆயுதம் அவனுடைய எழுபத்தெட்டு கிலோ எடை.

கதவு இன்னோர் அங்குலம் வந்தது.

அப்போது வெளியே ஒரு போன் அடித்தது. விரல்கள் தயங்கின. போன் நின்றது. உடனே மறுபடி அடித்தது. நின்றது. அடித்தது. மூச்சு விட இடமில்லாமல், ஒன்றன் வால் பிடித்து இன்னொன்றாக அடித்துக்கொண்டே இருந்தது.

"என்ன சார் அது?" என்று சில்லறை கிசுகிசுத்தான்.

பெரியவர் மெல்லத் தலை நிமிர்ந்தார். "ஒவ்வொரு லிஃப்டுக்குள்ளயும் ஒரு நம்பர் ஒட்டியிருக்கும்யா, அவசரத்துக்குக் கூப்பிடுங்கன்னு. நாற்பது கட்டடத்துலயும் அவன் நம்பர்தான்."

வெளியே இன்னொரு ஆளின் குரல் கேட்டது. "கீழ பாருங்கண்ணே, சந்து பூரா ஆளு." அந்தக் குரலுக்குரிய கால்கள் பதிலுக்குக் காத்திராமல் படியிறங்கின. விரல்கள் கதவை விட்டன. மருமகன் போனை எடுத்தான் போல. "இல்லைங்க. நான் அங்க இல்லைங்க. யார் சொன்னது?" என்றான். அடுத்த அழைப்புக்கும் அதையே சொன்னான். மூன்றாவது அழைப்பில் அவன் பேசவில்லை. மணி மட்டும் அடித்துக்கொண்டே படியிறங்கிப் போனது. இரண்டாம் மாடி, முதல் மாடி என்று மணிச்சத்தம் எங்கே இருக்கிறது என்று உள்ளே இருந்தவர்களுக்குத் தெளிவாகத் தெரிந்தது. வாசலில் அது நூறு குரல்களுக்குள் புகுந்தது.

மேடம் போன் செய்தார். "லாண்டரி ஆளுங்க, அக்கம்பக்கத்துக் குடித்தனம், எல்லாம் வந்தாச்சு. வேனைச் சுத்தி நிக்கறாங்க. பிரேக் படத்தை ஆளாளுக்கு போன்ல ஏத்தி வச்சுட்டாங்க. போலீஸ் ஜீப்பும் சந்துக்குள்ள திரும்பிடுச்சு. பெரியவர் எப்படி இருக்கார்?"

சில்லறை திரும்பிப் பார்த்தான். அவர் செத்த பேட்டரியிலிருந்து வயரைக் கழற்றி, முனையைச் சட்டையால் துடைத்து, நிதானமாகச் சுருட்டிக்கொண்டிருந்தார். கன்னம் நனைந்திருந்தது.

"நல்லா இருக்கார் மேடம்."

"வாங்க சார், இறங்கலாம்," என்றான் பெரியவரிடம். "இனிமே பயமில்லை."

"உங்க ஆபீஸ்லதானே என் தங்கச்சி உட்கார்ந்திருக்கா?"

"ஆமாம் சார்."

"பையன் அண்ணனைக் கூட்டிட்டு வந்துடுவான்னு நினைச்சுட்டு இருப்பா." வயரைப் பேட்டரியின் மேல் வைத்தார். எழுந்திருக்கவில்லை. "ஒரு அஞ்சு நிமிஷம் குடுய்யா. அவகிட்ட என்ன சொல்றதுன்னு தெரியலை."